பெயரா, உச்சரிப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் பெரிய அக்கா காலமானார்கள். பாபநாசம் பக்கம் கிராமத்து வீட்டில் அடக்க ஜெபம். "கடவுளே" என்று ஜெபத்தை ஆரம்பித்ததும் ஒரு தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். பெயர் வேண்டாம். கல்லறைக்கும் வரவில்லை. ராத்திரி குடும்ப வாட்ஸ்அப்பில், யெகோவா என்று சொல்லாத ஜெபம் பரலோகம் சேராது, 'கடவுள்' புறமதத்தார் சொல் என்று எழுதினான். அழுதுகொண்டிருந்த அக்கா பிள்ளைகள் அதைப் படித்தார்கள். வாத்தியாராக இருந்தவன், பேசாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, முதலில் எழுத்து. எபிரேய வேதத்தில் அந்தப் பெயர் நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. 6,800 தடவைக்கு மேல் வருகிறது. யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிக்காமல் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். அதை நினைவூட்டத்தான் பிற்காலத்தில் பிரதி எழுதியவர்கள் அந்த நான்கு எழுத்தோடு 'அதோனாய்' சொல்லின் உயிர்க்குறிகளைச் சேர்த்தார்கள். இரண்டையும் ஒன்றாக வாசித்ததில் பிறந்ததுதான் நீ சண்டை போடும் 'யெகோவா'. இயேசு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்ததோ, பிதாவே என்று கூப்பிட்டு.

அடுத்து தமிழ். நம் தரங்கம்பாடியில் 1715-இல் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் 'சருவேசுரன்'. பிறகு பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் ஹென்றி பவர் குழுவின் திருத்தம் 'தேவன்' என்றது. 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் கைவைக்காதே என்று தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரே அந்தக் காலத்தில் மல்லுக்கட்டினார். 'கடவுள்' புறமதச் சொல் என்றால் 'தேவன்', 'கர்த்தர்' எல்லாம் எருசலேமிலிருந்தா வந்தன? எல்லாமே இங்கே முன்பே புழங்கிய சொற்கள்தான்.

அப்படியானால் அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லையா? உண்டு. யாத்திராகமம் 3-ஆம் அதிகாரத்தை எடு. பார்வோனிடம் போக மோசே பயப்படுகிறார். கூடவே இருப்பதாகக் கடவுள் வாக்குக் கொடுக்கிறார், 12-ஆம் வசனம். அங்கே வரும் எபிரேயச் சொல் 'எஹ்யே'. பெயர் என்ன என்று கேட்டதற்கு 14-ஆம் வசனத்தில் வரும் பதிலிலும் அதே 'எஹ்யே'தான். இருத்தல் என்ற வினை. அடிமைப்பட்டுக் கிடந்த ஜனத்துக்குச் சொன்ன பெயர் அது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், 'பயப்படாதே, நான் இருக்கேன்.'

மேட்டூர்த் தண்ணீர் வராமல் பயிர் கருகின வருஷம், அக்கா ஒரு மூட்டை நெல்லோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னதும் அந்த வார்த்தைதான். உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது உன் வீட்டில் தங்கிச் சமைத்துப் போட்டதும் அதே அக்காதான். மறந்துவிட்டாயா?

பெயரை வீணாக்காதே என்ற கட்டளை நாக்குக்கு மட்டும் இட்டது அல்ல. 'நான் இருக்கேன்' என்றவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதும் அந்தப் பெயரை வீணாக்குவதுதான்.

வரும் ஞாயிறு நாற்பதாம் நாள் ஜெபம். நீ யெகோவா என்றே ஜெபம் பண்ணு. ஒருவரும் எழுந்து போக மாட்டோம். வந்து உட்கார் தம்பி, அது போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்