அலாய் வீல் ஆசையா? அளவைப் பாருங்க!

ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் பார்க்கக் குடும்பத்தோடு காரில் கிளம்பும் முன், ‘அலாய் வீல் மாத்திடலாமே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாற்றலாம், அளவு பார்த்து!

டயரில் 185/65 ஆர்15 என்றிருந்தால், அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். டயரின் மொத்த உயரம் சுமார் 622 மி.மீ. 16 அங்குல ரிம் வேண்டுமென்றால் 195/55 ஆர்16 பாருங்கள், 621 மி.மீ. வரும். பழைய 185/65 அளவிலேயே 16 அங்குலத்துக்குப் போனால் 647 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 4 சதவீதம் குறைத்துக் காட்டும், டயரும் உரசலாம்.

போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் வட்ட அளவான பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட் நான்கும் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும். டயரில் 88 என்றிருந்தால் அது 560 கிலோ தாங்கும். பழைய டயரின் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் வீல்களை மாட்டி, ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்காவது உரசினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றச் சொல்லிவிடுங்கள்.