கோடியை எண்ணினது போதும், வேலையை எண்ணு தோழா!



ஒரு கார் கம்பெனி முதலீட்டு அறிவிப்பு வந்தா டைம்லைன்ல ரெண்டே சத்தம்தான். ஒரு பக்கம் "இத்தனை ஆயிரம் கோடி, பாருங்க!" இன்னொரு பக்கம் "எல்லாம் வெத்துப் பேப்பர்!" அந்த ஊர்ப் பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை வருஷத்துக்கு? இதை மட்டும் யாரும் கேக்கறதில்லை.

மறைமலை நகரை எடுத்துக்கோங்க. 1999-ல ஃபோர்டு ஐகான் அங்கிருந்துதான் வந்துச்சு. அந்த ஆலை நமக்கு ஒண்ணுமே தரலைன்னு சொன்னா அது பொய். ஐடிஐ, டிப்ளமோ முடிச்ச எத்தனையோ பேர் அங்க நிரந்தர வேலையில சேர்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாங்க. உதிரிபாகக் கம்பெனி, வேன், மெஸ், வாடகை வீடு எல்லாமே அந்த ஆலையோட சம்பள நாளை நம்பி ஓடுச்சு.

2021 செப்டம்பர்ல ஒரே அறிவிப்பு: இந்தியாவுல கார் உற்பத்தி நிறுத்தம். சென்னை, சனந்த் ரெண்டும் சேர்த்து சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்புன்னு கம்பெனியே சொன்னது. உதிரிபாகக் கம்பெனியில வேலை போனவரை, வேன் ஓட்டினவரை யார் எண்ணினாங்க? நியாயமான இழப்பீட்டுக்கே 2022-ல தொழிலாளிங்க போராட வேண்டி வந்துச்சு.

இப்போ ஃபோர்டு அதே ஆலைக்குத் திரும்புது. 2025 அக்டோபர்ல ஒப்பந்தம். 3,250 கோடி முதலீடு, 2029-ல இன்ஜின் உற்பத்தி, 600-க்கு மேல நேரடி வேலை. வரட்டும், மனசார வரவேற்போம். ஆனா கணக்குப் போடுங்க: ஒரு வேலைக்குச் சுமார் 5 கோடி! மெஷின் நிறைஞ்ச ஆலையில கோடி பெருகுற வேகத்துல வேலை பெருகாது. அதனால கிடைக்கிற ஒவ்வொரு வேலையும் உருப்படியான வேலையா இருக்கணும்.

அடுத்து, "பயிற்சி கொடுக்கிறோம்"னு பெருமை. இன்ஜினியரிங் முடிச்சிட்டு நானும் ஒரு ஆலையில ஒரு வருஷம் அப்ரென்டிஸா நின்னவன்தான். பக்கத்துல நின்ன நிரந்தரத் தொழிலாளி செஞ்ச அதே வேலை. எனக்கு உதவித்தொகை, அவருக்குச் சம்பளம். வருஷம் முடிஞ்சதும் கையில சான்றிதழ், மறுநாள் லைன்ல புது பேட்ச்.

இதுக்குச் சட்டமே வழி விடுது. 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி நீ தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவன். முடிச்சவனை வேலைக்கு எடுக்கிறது 2014 திருத்தப்படி கம்பெனியோட சொந்தக் கொள்கை!

இங்க 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 2,877 கோடியில நவீனமாக்கினாங்க. ரோபோட்டிக்ஸ் கத்துட்டு வர்ற பிள்ளையை வருஷா வருஷம் மாத்துற கான்ட்ராக்ட்ல நிறுத்தவா இத்தனை செலவு?

நிலம், மின்சாரம், சாலை, வரிச்சலுகை எல்லாம் நம்ம பணம். அதனால கேக்க உரிமை இருக்கு:

1. நிரந்தர வேலை எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனைன்னு ஒப்பந்தத்துலயே எழுதணும்.
2. பயிற்சி முடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாங்கன்னு வருஷா வருஷம் வெளியிடணும்.
3. ஆலையை மூடினா உதிரிபாக, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இழப்பீடு வேணும்.

இது தொழில் வளர்ச்சிக்கு எதிரான குரல் இல்லை. வளர்ச்சியில நம்ம பங்கைக் கேக்குற குரல்.

அடுத்த தடவை யாராவது "இத்தனை கோடி"ன்னு போஸ்டர் போட்டா, அது நம்ம ஆளே போட்டாலும் சரி, கமென்ட்ல ஒரே கேள்வி கேளுங்க: "நிரந்தர வேலை எத்தனை?"

பகிருங்கள் தோழர்களே!

#நிரந்தரவேலை_எத்தனை