இடத்தை ஆயா சொல்லட்டும், பலகாரத்தை நீங்கள் சொல்லுங்கள்!

என்ன குட்டீஸ், பிறந்த நாள் என்றதும் உங்களுக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும்? புதுச் சட்டை, வகுப்பில் கொடுக்கிற சாக்லேட், அப்புறம் "அப்பா, இன்னிக்கு ராத்திரி ஹோட்டல்ல சாப்பிடலாம்ப்பா!" என்ற கெஞ்சல். சரிதானே?

அந்தப் பிறந்த நாள், வெளியூர் போன இடத்தில் வந்துவிட்டால்? கோடை விடுமுறையில் பிறந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தெரியாத ஊர், தெரியாத தெரு. எந்த ஹோட்டலுக்குள் நுழைவது? 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர் கண்டாச்சிபுரம். எங்கள் தெருவில் மல்லாட்டை பயிரிடும் ஒரு குடும்பம். (வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்!) அந்த வீட்டுச் சிறுமிக்கு மே மாதம் பிறந்த நாள். பத்து வயது நிறைந்த அன்று அப்பா, அம்மா, தம்பி, ஆயா எல்லோருமாகப் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். கடற்கரையில் ஒரே ஆட்டம். இருட்டியதும் பசி. வண்ண விளக்கும் கண்ணாடிக் கதவுமாக ஒரு ஹோட்டல் கண்ணில் பட்டது. "இங்கதான்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள் அவள்.

ஆயா வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "நாம எல்லாம் உள்ள போலாமாடா?" என்று மகனிடம் கேட்டார். அப்பா சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே மங்கலான வெளிச்சம். மெனு அட்டை முழுக்க ஆங்கிலம். பிறந்த நாள் பெண், பெயர் அழகாக இருந்த எதையோ கைகாட்டினாள். வந்தது நூடுல்ஸ். விழுப்புரத்திலேயே கிடைக்கும்! தம்பி காரம் தாங்காமல் அழுதான். பல் இல்லாத ஆயாவுக்கு மெல்ல ஒன்றுமே இல்லை. "எனக்குப் பசியே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தார். பில்லைப் பார்த்த அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு அதே பிறந்த நாளுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா. திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கினார்கள். இந்த முறை அந்தச் சிறுமி கண்ணாடிக் கதவைத் தேடவில்லை. பூக்கார அம்மாவிடம் போய், "நீங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போறதா இருந்தா எந்தக் கடையில வாங்குவீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா காட்டிய கடை, தெருக்கோடியில் ஒரு சின்ன ஹோட்டல். ஆயாவுக்கு ஆவி பறக்கும் இட்லி. தம்பிக்குப் பால் ஊற்றி இடியாப்பம். அவளுக்குக் கல்லிலிருந்து எடுத்துத் தட்டிப் போட்ட பரோட்டா. கேக்குக்குப் பதில் கேசரி. பரிமாறிய அண்ணனிடம் தம்பி ரகசியத்தை உடைத்துவிட்டதால், இன்னொரு கரண்டி கேசரி இனாம்! ஆயா அன்று நான்கு இட்லி சாப்பிட்டார்.

இந்த இரண்டு விருந்தையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. வெளியூரில் பிறந்த நாள் விருந்து என்றால், இடத்தை முடிவு செய்யும் உரிமை பிறந்த நாள் கொண்டாடுபவருக்கு இல்லை. கூட வருபவர்களில் யாருக்குச் சாப்பிடுவது சிரமமோ, அவருக்குத்தான்! ஆயாவாக இருக்கலாம், கைக்குழந்தையாக இருக்கலாம், சர்க்கரை நோய் உள்ள மாமாவாக இருக்கலாம். அவரால் படியேற முடியுமா, உட்கார முடியுமா, அவருக்கு ஒத்துக்கொள்ளும் பண்டம் உண்டா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த இடத்தில் என்ன சாப்பிடுவது என்பதை நீங்கள் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, விட்டுக்கொடுக்காதீர்கள்!

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே? பெரிய ஹோட்டலுக்கு ஆசைப்படக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தாராளமாக ஆசைப்படலாம். ஏ.சி. ஹோட்டலில் சாப்பிட நினைப்பது தப்பே இல்லை. ஆனால், ஆசையை ஹோட்டல் வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் சொல்லுங்கள். "எவ்வளவு ரூபாய்க்குள் சாப்பிடலாம்?" என்று அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். தெரு நடுவில் நின்று அடம்பிடித்தால், அவர்களால் 'முடியாது' என்று சொல்ல முடியாது. அது அன்பளிப்பு ஆகாது, அபராதம்தான்!

சரி, நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பூக்கார அம்மாவிடம் கேட்ட கேள்வியைக் கவனித்தீர்களா? "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், பெரிய ஹோட்டலைத்தான் காட்டுவார்கள். "நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வரும். செல்போனில் நட்சத்திரம் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அந்த நட்சத்திரம் போட்டவருக்கு உங்கள் ஆயாவின் பல் பற்றித் தெரியாதே!

உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு உணவகமும் உரிமம் அல்லது பதிவுச் சான்று பெற்று, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். தம்பி, தங்கைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், சாப்பாடு வரும் வரை நல்ல பொழுதுபோக்கு!

அடுத்து, சூடு. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருக முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஆறிப்போய்க் கிடக்கும் உணவில்தான் ஆபத்து. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் இதுபோன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். பயணத்தில் வயிறு கெட்டால் மொத்தக் குடும்பத்துக்கும் கஷ்டம். ஆகவே கூட்டம் வந்து போகும் கடை, கண் முன்னே சுடச்சுடத் தயாராகும் பண்டம், இந்த இரண்டும் நல்ல அடையாளங்கள். ஏதாவது பண்டம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. போன ஊரின் சாப்பாட்டை ருசி பாருங்கள். திருநெல்வேலி என்றால் அல்வா, மதுரை என்றால் ஜிகர்தண்டா, ஆம்பூர் என்றால் பிரியாணி. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அங்கே போய் நூடுல்ஸ் சாப்பிட்டு வந்தால் எப்படி?

பில்லையும் நீங்களே வாங்கிக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 800 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி 40 ரூபாய். அதற்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று சேர்த்திருந்தால், அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைச் சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பரிமாறியவருக்கு மனம் விரும்பிக் கொடுப்பது வேறு. அதைக் கையில் கொடுத்து, ஒரு 'நன்றி அண்ணா'வும் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆயா வாசலில் செருப்போடு நின்றாரே, அதற்கு வருவோம். அவர் ஏன் தயங்கினார் தெரியுமா? அவர் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில், பல ஊர் டீக்கடைகளில் சாதியின் பெயரைச் சொல்லிச் சிலருக்குத் தனிக் குவளை வைத்தார்கள். சிலரை உள்ளேயே விடவில்லை. அந்தப் பயம் இன்னும் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள நம் அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு என்ன சொல்கிறது? மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி, எந்தக் குடிமகனையும் கடைக்குள்ளோ ஹோட்டலுக்குள்ளோ வரக் கூடாது என்று தடுக்க முடியாது. ஹோட்டல் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள்! எவ்வளவு பேர் எவ்வளவு காலம் அவமானப்பட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்கும், யோசியுங்கள்.

ஆகவே குட்டீஸ், சின்ன ஹோட்டலோ பெரிய ஹோட்டலோ, உங்கள் ஆயாவும் தாத்தாவும் தயக்கமில்லாமல் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிற இடம்தான் பிறந்த நாளுக்கு ஏற்ற இடம். வாசலில் அவர்கள் நின்றால் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போங்கள். "வா ஆயா, இது நம்ம எல்லாருக்கும் உள்ள கடைதான்" என்று சொல்லுங்கள்.

அப்புறம், கேசரி இன்னொரு கரண்டி கேட்க மறந்துடாதீங்க!