ரெக்கார்டு மாதிரியே!

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் கோயில் கொடை என்றால் ஒரு ராத்திரி பாட்டுக் கச்சேரி கட்டாயம். பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிப்பார்கள். பிள்ளையார், அம்மன், முருகன் என்று மூவரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக எம்.ஜி.ஆருக்கு வந்துவிடுவார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு கொடை. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து நிலாப் பாட்டின் கிட்டார் முன்னிசையை ஒல்லியான ஒரு பையன் ஒரு சுரம் பிசகாமல் வாசித்து முடித்தான். கூட்டம் எழுந்து விசிலடித்தது. மணலில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த மாமா என் தொடையில் தட்டிச் சொன்னார்: “ஏலே, அப்படியே ரெக்கார்டு மாதிரி இருக்குல்லா!”

அந்தப் பையனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்க முடியாது. நானும் அன்றைக்குத் தலையாட்டினேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தப் பாராட்டுதான் உறுத்துகிறது.

ரெக்கார்டு மாதிரியே கேட்க நம் காது பழகியது வானொலியில். அதிலும் எங்கள் கரையோர ஊர்களுக்கு வானொலி என்றால் கொழும்புதான். அங்கே ஒலிபரப்பு 1925இலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் படைத்தலைமை தன் வீரர்களுக்காக அமைத்த சக்தி வாய்ந்த சிற்றலை நிலையம், போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. இந்தப் பக்கம் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டி, ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒடுக்கிவைத்தார். மக்கள் யாரும் கொடிபிடிக்கவில்லை. குமிழைத் திருகிக் கொழும்புக்குப் போனார்கள், அவ்வளவுதான். போனவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியிருந்தது. ரசனைக்கு உத்தரவு போட்டு ஜெயித்த அமைச்சர் யாரையும் எனக்குத் தெரியாது.

மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய கொழும்பு அறிவிப்பாளர்களின் குரல்கள் எங்களுக்கு வீட்டு மனிதர்களின் குரல்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று பொருள். படத்தின் பெயரோடு இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் என்று எல்லாரையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள். எங்கள் ஊர்ச் சலூன்காரர் நாலாம் வகுப்புத் தாண்டாதவர். எது கண்ணதாசன், எது மருதகாசி என்று கத்தரியை நிறுத்தாமலே சொல்வார்.

ஆனால், அந்தக் கல்வியிலேயே ஒரு கோணலும் இருந்தது. ஒரு பாட்டை நூறு தடவை கேட்டாலும் புல்லாங்குழல் அதே இடத்தில்தான் நுழையும், டி.எம்.எஸ். அதே இடத்தில்தான் மூச்செடுப்பார். கேட்டுக்கேட்டு, அந்தத் தட்டுதான் பாட்டு என்று மனதில் பதிந்துவிட்டது. மேடையில் பாடுகிறவன் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறான் என்பதே மதிப்பெண்.

தமிழ்க் காதுக்கு இது பிறவிக்குணம் அல்ல. மார்கழியில் சபாவுக்குப் போகிற அதே ஆள், போன வருடம் பாடிய கல்யாணியை வித்துவான் இந்த வருடமும் அப்படியே பாடினால் உதட்டைப் பிதுக்குவார். கீர்த்தனை ஒன்றுதான், ஆனால் நிரவலும் சுரமும் அன்றைக்குப் பிறந்ததாக இருக்க வேண்டும். நாகஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காக விடியவிடியக் காத்துக்கிடந்தவர்கள் தெரிந்த ஒன்றைத் திரும்பக் கேட்கவா காத்துக்கிடந்தார்கள்? அதே ஜனங்கள் சினிமாப் பாட்டுக்கு மட்டும் நகல் கேட்கிறோம்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள். கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓட்டி, முப்பது வயலின்கள் வாசித்ததை ஒரே கீபோர்டில் பிடித்தார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் இளையராஜா வந்தபின் அது இன்னும் கடினம். இடையிசை ஒவ்வொன்றும் தனிப் பரீட்சை. அந்தச் செவிக்கூர்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை ஞானமும் சொந்தமாக ஒரு பாட்டைக் கட்டப் பயன்படவில்லை என்பதுதான் வருத்தம். குழு என்பது சினிமாவுக்கு ஏணி. ஏறத் தெரிந்தவர்கள் ஏறிப்போனார்கள். மற்றவர்கள் அடுத்த கொடைக்கு வண்டி பிடித்தார்கள். இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாக அலைந்தவர், பிறகு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குழுவில் வாசித்தவர். பாவலர் கம்யூனிஸ்ட் மேடைகளுக்குத் தானே பாட்டுக் கட்டினார் என்பதை இங்கே மறக்கக் கூடாது. சினிமாவைச் சாராத மேடைப் பாட்டு நமக்குப் புதிதல்ல. கட்சி மேடையில் இருந்தது, திருவிழா மேடையில் இல்லாமல் போனது.

2017இல் தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது, டீக்கடைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. நான் இளையராஜா கட்சி. டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரி, பாட்டை உண்டாக்கியவருக்கு ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அடுத்தவர் பாட்டை எடுத்துவிட்டால் நம் மேடையில் மிச்சம் என்ன இருக்கிறது?

இன்றைய பெரிய கச்சேரிகளிலும் கதை அதிகம் மாறவில்லை. 2023 செப்டம்பரில் சென்னைப் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிய பலர் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரகுமானே கேட்க வேண்டிவந்தது. கைப்பேசியில் இருக்கும் பாட்டுக்காக இவ்வளவு பாடா என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. எனக்குக் கிண்டலடிக்கத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது வரும் சிலிர்ப்பு பொய்யல்ல. ஆனால் ரகுமான் ஒரு பாட்டின் தாளத்தை மாற்றி வாசித்தால் “ஏன் சார் கெடுக்கிறார்?” என்று முணுமுணுக்கிறவர்கள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்கிறார்கள். அவர்களுக்குத் தோதாகத் தாளத்தையும் கோரஸையும் பதிவுசெய்து எடுத்துவந்து, மேலே பாடகரை மட்டும் பாடவிடும் ‘ட்ராக்’ கச்சேரிகள் பெருகிவிட்டன. ரெக்கார்டு மாதிரியே வேண்டும் என்றோம், ரெக்கார்டையே போட்டுவிட்டார்கள்.

இந்தக் காதுப் பழக்கத்தை மாற்றியிருக்கக்கூடியது பண்பலை. சென்னையில் ஆல் இந்தியா ரேடியோ 1977இலேயே பண்பலை தொடங்கிவிட்டது. தனியார் நிலையங்கள் 2003இல் வந்தன. அவர்கள்மேல் மட்டும் பழிபோட்டுப் பயனில்லை. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து அலைவரிசை வாங்க வேண்டும். சொந்தமாகச் செய்தி சொல்லவும் அனுமதியில்லை. போட்ட பணத்தை விளம்பரத்தில் எடுக்க, நாலு நிலையமும் போன வாரம் வெளியான அதே பாட்டைத்தான் சுற்றிவிடும். கேஸ்கர் தடுத்ததால் அன்று குமிழைத் திருகினோம். இன்று யாரும் எதையும் தடுக்கவில்லை, திருகினாலும் அதே பாட்டு. பாடலாசிரியர் பெயர் காணாமல் போய்விட்டது. கதாநாயகன் பெயர் மட்டும் தவறாமல் வருகிறது.

இத்தனைக்கும் சொந்தப் பாட்டைக் கேட்க ஆள் இல்லாமல் இல்லை. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானா, ராப், ராக், பறை என எல்லாம் ஒரே மேடையில். பாடியதெல்லாம் அவர்களே கட்டிய பாட்டு, சாதியைப் பெயர் சொல்லிக் கேட்கும் பாட்டு. யாரும் முன்பின் கேட்டிராத அந்தப் பாட்டுகளை ஒரு பெருங்கூட்டம் நின்று கேட்டது. அப்படிப்பட்ட குழுக்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் எந்தப் பண்பலை நிலையமும் மூழ்கிவிடாது. எழுதியவர் பெயரையும் சொல்லித் தொலைத்தால் புண்ணியம்.

போன வருடமும் கொடைக்குப் போயிருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவே மைக்கில் ஏதோ கோளாறு. அதைச் சரிசெய்கிற வரைக்கும் கீபோர்டுக்காரப் பையன் தன் பாட்டுக்கு என்னவோ வாசித்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் இருக்கும். மெதுவான மெட்டு, கடைசியில் எதிர்பாராத ஒரு திருப்பம். எங்கேயும் கேட்டதில்லை, அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தேன். அவரும் உன்னிப்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: “இது எந்தப் படம்?”