போனுக்குள் வானொலி திரும்ப வேண்டும்

ஆரம்பகால ஸ்மார்ட் போன்களில் இருந்த மூன்று வசதிகள் இப்போது பெரும்பாலும் இல்லாமற் போய்விட்டன: எப்.எம். வானொலி, கழற்றி மாற்றக்கூடிய பற்றரி, இயர்போன் துளை. 2008இல் வந்த நொக்கியா 5800, 2011இல் வந்த சாம்சுங் கலக்சி வை ஆகியவற்றில் மூன்றுமே இருந்தன. இயர்போனைச் செருகினால் அதன் வயரே அன்ரெனாவாகிவிடும். டேற்றா செலவில்லாமல் செய்தி காதுக்கு வந்து சேரும். இதைப் பழங்காலத்துச் சங்கதி என்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. மூன்றில் வானொலியையாவது நாம் கேட்டு வாங்க வேண்டும்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப் பொருளானது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டது. ஒருவர் சுற்ற, சூழ இருந்து அயலவர்கள் கேட்டார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் குரலும் மங்கும். அது போர்க்காலம் என்று ஒதுக்குபவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது, டீசலுக்கும் தட்டுப்பாடு. மின்சாரம் போனால் தொலைபேசிக் கோபுரம் தன் பற்றரியிலும் ஜெனரேட்டரிலும்தான் நிற்கிறது. அவையும் ஓய்ந்தால் சிக்னல் இல்லை. ஏப்ரல் 3ஆம் திகதி அரசு சமூக வலைத்தளங்களையும் முடக்கியது. 2008இல் நிஷா, 2020இல் புரெவி என்று புயல்கள் வேறு. இப்படியான நேரத்தில் ஒரேயொரு எப்.எம். ஒலிபரப்பி இயங்கினாலே ஒரு பிரதேசம் முழுவதற்கும் எச்சரிக்கை போய்ச் சேரும். எத்தனை பேர் கேட்டாலும் நெரிசல் வராது.

இணையத்தில் வானொலி கேட்கலாமே என்பார்கள். கோபுரம் விழுந்த பிறகு இணையம் ஏது? தனியாக ஒரு றேடியோ வாங்கி வைக்கலாம் என்பது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அபாய நேரத்தில் அது அலுமாரியில் கிடக்கும். குருநகரிலோ மயிலிட்டியிலோ கடலுக்குப் போகிறவரின் சட்டைப்பையில் இருப்பது போன். துளையும் கழற்றும் பற்றரியும் இருந்தால் தண்ணீர் புகாமல் காப்பது கடினம் என்று உற்பத்தியாளர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. வானொலிக்கு அந்தச் சாட்டுப் பொருந்தாது. சார்ஜ் துளையில் செருகும் இயர்போன் வயரையும் அன்ரெனாவாக்கலாம். ஆனால் விற்ற பிறகு கேட்டுப் பயனில்லை. 2017இல் அமெரிக்காவைப் புயல்கள் தாக்கியபோது ஐபோன்களில் எப்.எம்மை இயக்கிவிடும்படி அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் கேட்டார். ஐபோன் 7இலும் 8இலும் அதற்கான சில்லும் அன்ரெனாவுமே இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. இந்திய அரசு 2023இல் போன்களில் எப்.எம். இருப்பதை உறுதிசெய்யும்படி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் போன்களுக்குத் தேவை. அந்த நிபந்தனைகளோடு எப்.எம்மையும் சேர்க்கட்டும். மீனவரும் தோட்டக்காரரும் வாங்கும் விலை குறைந்த போன்களில் இருந்து தொடங்கினால் போதும்.