திட்டக் குழுவில் யார் அமர்வது?

சம்பூர் மக்களின் கதையை எமது மாவட்டத்தில் அறியாதார் இல்லை. 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து ஓடிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறக்குறையப் பத்தாண்டுகளைக் கழித்தன. அக்காலத்தில் அவர்களது காணிகளுக்குத் திட்டங்கள் குறைவில்லை. அனல்மின் நிலையம் என்றார்கள். 2012 இல் 818 ஏக்கரில் கைத்தொழில் வலயம் என்றார்கள். காணிக்குரியவர்களோ நிவாரண அட்டையோடு கொட்டிலில் இருந்தார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை. அந்த 818 ஏக்கர் 2015 இல்தான் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணி 2016 இல்.

அரசைக் குறை கூறுவது எளிது. எமக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்கள் என்ன செய்கின்றன? அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கென்று மூலோபாயத் திட்டமிடல் குழு அமைக்கிறார்கள். பெயர்தான் பெரிது, எந்த வேலையைச் செய்வது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்கும் குழு அது. அதில் அலுவலர்கள் சிலர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கிராமத்தின் சார்பில் ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். அவரே கமக்காரர் அமைப்பின் பொருளாளர். நிவாரணப் பட்டியல் எழுதிய நாளிலும் முன்னின்றவர். அவரை நான் பழிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் உண்டு, கடிதம் எழுதத் தெரியும், கூப்பிட்டால் வருவார். ஆனால் அவரிடம் காணி உறுதியும் உண்டு.

காணி உள்ளோர் மட்டும் அமர்ந்தால் திட்டம் விதைநெல்லில் தொடங்கி உழவு இயந்திரத்தில் முடியும். குத்தகைக்கு வயல் செய்தவர் இருந்தால், திரும்பிப் போகும்போது தனக்கு எங்கே இடம் என்று கேட்பார். மாடு வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பித்த விதவைத் தாய் மேய்ச்சல் தரையைப் பற்றிக் கேட்பார். இக்கேள்விகள் அலுவலகத்தில் பிறப்பதில்லை.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 28 ஆவது, மீள்குடியேற்றத்தைத் திட்டமிடுவதில் அம்மக்கள் முழுமையாகப் பங்குபற்ற விசேட முயற்சி எடுக்கச் சொல்கிறது. விசேட முயற்சி என்றால் ஒரு கதிரை போடுவது மட்டுமல்ல. காலை ஒன்பது மணிக்குத் திருகோணமலை நகரில் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகும் பெண் எப்படி வருவார்? கூட்டத்தைக் கிராமத்தில், பின்னேரம் வையுங்கள். அறுவடைக் காலத்தைத் தவிருங்கள். பஸ் காசோடு இழந்த நாட்கூலியையும் கொடுங்கள். பெண்கள் இருவராவது இருக்கட்டும்; தனியே ஒருவரை வைத்தால் அவர் தேநீர் ஊற்றுவதோடு நின்றுவிடுவார், கண்டிருக்கிறேன். நிறுவனத்திடம் கிணறு, வீடு கட்டும் ஒப்பந்தம் எடுப்பவர் இக்குழுவில் வேண்டாம்.

எம்மிடமும் ஒரு கடமை உண்டு. பெயர் கேட்டுக் கடிதம் வந்தால், வழமையான பெயரை அன்றே எழுதி அனுப்பாதீர்கள். குடும்பங்களைக் கூட்டிக் கேளுங்கள். போகிறவர், முடிவெடுக்கும் முன் ஊருக்கு வந்து சொல்ல வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் பேசிக்கொள்ளுங்கள். பதில் ஒரு கிழமை பிந்தினாலும் பாதகமில்லை.