ஆங்கிலத் தொடர்களும் தமிழ்த் தொடரிலக்கணமும்: கொங்கு வகுப்பறையை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர் பகுதி ஒன்றில் தமிழையும் பகுதி இரண்டில் ஆங்கிலத்தையும் படிக்கின்றனர். தொகைநிலைத் தொடர், தொகாநிலைத் தொடர் என்னும் பாகுபாட்டைத் தமிழ் வகுப்பில் கேட்ட மாணவர், அடுத்த மணியில் ஆங்கில வகுப்பில் ‘ஃபிரேஸ்’ என்பதன் வகைகளைக் கேட்கின்றனர். சொற்கள் ஒன்றோடொன்று கூடி ஒரே அலகாக நின்று பொருள் தருவதைப் பற்றியனவே இரண்டு பாடங்களும். ஆயினும் ஒன்று மற்றொன்றை அறியாதது போலவே கற்பிக்கப்படுகிறது.

இப்பிரிவினால் இழப்புறுவோர் மாணவரே. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, தாராபுரம், கோபிசெட்டிபாளையம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுவோர் கொங்கு வகுப்பறைகளில் உள்ளனர். தமிழ்வழியில் பயின்று வரும் இம்மாணவர் பலர் ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகவே படிக்கின்றனர். தனிச்சொல்லின் பொருள் அகராதியில் கிடைத்துவிடும். எந்தச் சொல் எதனோடு சேர்கிறது, சேர்ந்தவற்றுள் எது தலைமை தாங்குகிறது என்பது அகராதியில் கிடைப்பதன்று. அதை உணர்வதற்கான கருவி மாணவரின் பேச்சிலும் தமிழ் இலக்கண மரபிலும் முன்பே உள்ளது என்பதும், அதனை ஆங்கிலத் தொடர்களைக் கற்பிப்பதற்குப் பயன்கொள்ளல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கலைச்சொல் குழப்பம்

முதற்கண் தீர்க்கப்பட வேண்டியது பெயர்க் குழப்பம். ‘சொற்றொடரில் அமைத்து எழுதுக’ என்று தமிழ்ப் பாடநூல் கேட்கும்போது மாணவர் முழு வாக்கியம் ஒன்றை எழுதுகின்றனர். ‘ஃபிரேஸ்’ என்பதற்கு ஆங்கில - தமிழ் அகராதி காட்டும் பொருளும் சொற்றொடர் என்பதே. முற்றுப்பெற்ற வாக்கியத்திற்கும் அதன் உறுப்பாகிய தொடருக்கும் ஒரே பெயர் வழங்கினால், இரண்டற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வந்த பாடம் தொடங்கும் இடத்திலேயே இடறுகிறது.

இக்குழப்பத்திற்கு மரபிலும் ஒரு வேர் உண்டு. நன்னூல் பொதுவியல் காட்டும் தொகாநிலைத் தொடர்கள் எழுவாய்த்தொடர், விளித்தொடர், வினைமுற்றுத்தொடர், பெயரெச்சத்தொடர், வினையெச்சத்தொடர், வேற்றுமைத்தொடர், இடைச்சொற்றொடர், உரிச்சொற்றொடர், அடுக்குத்தொடர் என ஒன்பதாக எண்ணப்படுகின்றன. இவற்றுள் ‘மழை பெய்தது’ என்னும் எழுவாய்த்தொடர் ஆங்கில நோக்கில் முழு வாக்கியம். ‘மாட்டை ஓட்டினான்’ என்பதிலுள்ள வேற்றுமைத்தொடர் வாக்கியத்தின் உறுப்பு. பெயரெச்ச, வினையெச்சத் தொடர்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. இரண்டு சொற்கள் எவ்வாறு புணர்ந்து பொருள் முடிகின்றன என்பதே மரபிலக்கணத்தின் வினா. அலகின் அளவு அன்று. ஆதலின் தொகாநிலைத் தொடர் ஒன்பதையும் ஆங்கிலத் தொடர் வகைகளோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்துவது இரு மரபுகளுக்கும் நீதி செய்வதாகாது. இக்கட்டுரையில் முற்றுப்பெற்றது வாக்கியம் எனவும், அதன் உறுப்பாய் நிற்கும் சொற்கூட்டம் தொடர் எனவும் வழங்கப்படுகின்றன.

ஆங்கில வகுப்பிலும் பெயர்க் குழப்பம் இல்லாமல் இல்லை. 1930களில் வெளிவந்து இன்றும் இந்திய வகுப்பறைகளில் வழங்கும் ரென், மார்ட்டின் இலக்கணநூல் தொடர்களை அவை செய்யும் தொழில் நோக்கிப் பெயரடைத்தொடர், வினையடைத்தொடர், பெயர்த்தொடர் எனப் பகுக்கிறது. 1985இல் வெளியான குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோரின் பேரிலக்கணம் தொடரின் அமைப்பை நோக்கிப் பெயர்த்தொடர், வினைத்தொடர், பெயரடைத்தொடர், வினையடைத்தொடர், முன்னிடைத்தொடர் என ஐந்தாகப் பகுக்கிறது. ‘த ஃபார்மர் வித் எ ஸ்டிக்’ என்பதில் ‘வித் எ ஸ்டிக்’ உழவரைச் சிறப்பிப்பதால் முன்னை முறையில் பெயரடைத்தொடர். ‘ஹி ட்ரோவ் த கவ் வித் எ ஸ்டிக்’ என்பதில் ஓட்டியதைச் சிறப்பிப்பதால் வினையடைத்தொடர். பின்னை முறையில் இரண்டும் முன்னிடைத்தொடரே. பள்ளியில் ஒரு முறையையும் கல்லூரியில் மற்றொன்றையும் கேட்ட மாணவர் இரண்டனுள் ஒன்று பிழை என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

தமிழ் அறிந்தவர்க்கு இது புதிரன்று. முன்னது ‘கோலோடு நிற்கும் உழவர்’, பின்னது ‘கோலால் மாட்டை ஓட்டினார்’. உடனிகழ்ச்சியும் கருவியும் மூன்றாம் வேற்றுமையின் பொருள்களே. ஆங்கிலத்தில் ‘வித்’ என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் வருகிறது. வடிவம் ஒன்று, தொழில் இரண்டு. ஒரே உருபு பல பொருளில் வருவதையும், ஒரே பொருளில் பல உருபு வருவதையும் வேற்றுமைப் பாடத்தில் கற்ற மாணவர்க்கு இதை ஒரு வகுப்பு நேரத்தில் உணர்த்திவிடலாம்.

பொருள் எங்கே நிற்கிறது?

தொல்காப்பிய எச்சவியலும் நன்னூற் பொதுவியலும் தொகைகளை ஆறாகப் பகுத்ததோடு நிற்கவில்லை. தொக்க சொற்களுள் பொருட்சிறப்பு எங்கே நிற்கிறது என்ற வினாவையும் எழுப்பி விடை கூறின. அது முன்மொழியில் நிற்கலாம், பின்மொழியில் நிற்கலாம், இருமொழியிலும் ஒருங்கு நிற்கலாம், இரண்டிலும் நில்லாது புறத்தே நிற்கலாம். தொகை எதுவாயினும் அது ஒரு சொல்லைப் போலவே நடக்கும் என்றும் தொல்காப்பியம் விதித்தது.

கொங்கு வழக்கிலிருந்தே சான்று காட்டலாம். ‘பருத்திக்காடு’ என்பதில் பேசப்படும் பொருள் காடு. பருத்தி அதனைச் சிறப்பிக்கிறது. ‘ஆடுமாடு’ என்பதில் இரண்டும் சமம். ‘பொற்றொடி வந்தாள்’ என்பதில் பொருள் பொன்னிலும் இல்லை, தொடியிலும் இல்லை, அணிந்தவளிடம் உள்ளது.

லெனார்டு புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட ‘லாங்குவேஜ்’ என்னும் நூலில் தொடர்களை அகமையத் தொடர், புறமையத் தொடர் எனப் பிரித்தார். முழுத்தொடரும் தன் உறுப்புகளுள் ஒன்றைப் போலவே நடந்தால் அது அகமையம். எவ்வுறுப்பைப் போலவும் நடவாதாயின் புறமையம். தொடரின் தலைமைச் சொல் எது என்னும் இன்றைய தொடரியலின் அடிப்படை வினா இதுவே. வடமொழி இலக்கணிகளும் தொகைகளை ஆராயுங்கால் இவ்வினாவை எழுப்பினர். புளூம்ஃபீல்டு பாணினியைப் பயின்றவர். ஆகவே இது தமிழுக்கே உரிய தனிக்கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடுவதற்கில்லை. மேலும் புளூம்ஃபீல்டு முன்னிடைத்தொடரையும் புறமையத்துள் அடக்கினார், அன்மொழித்தொகை அத்தகையதன்று. ஒப்புமை வினாவில் உள்ளது, விடைகள் அனைத்திலும் இல்லை. வகுப்பறைக்கு வேண்டுவதும் அவ்வினாவே.

அதன் பயனை ஒரு பிழையைக் கொண்டு காட்டலாம். ‘த கலர் ஆஃப் த நெகமம் சாரீஸ் ஆர் பிரைட்’ என்று எழுதும் மாணவர் பன்மைச் சொல்லாகிய ‘சாரீஸ்’ அருகில் இருப்பதைக் கண்டு வினையையும் பன்மையாக்குகின்றனர். ‘நெகமம் சேலைகளின் நிறம்’ என்னும் தமிழ்த்தொடரில் தலைமைச் சொல்லாகிய நிறம் இறுதியில், பயனிலையை அடுத்து நிற்கிறது. எனவே தமிழில் இக்குழப்பம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் தலைமைச் சொல் முன்னே நின்றுவிட, அடைகள் இடையில் புகுந்து அதனை வினையிலிருந்து பிரிக்கின்றன. ‘பொருள் எங்கே நிற்கிறது’ என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொண்டால் விடை ‘கலர்’ என்பது தெளிவாகும், வினை ஒருமையாகும். விதியை மனப்பாடம் செய்வதினும் இவ்வினாவைப் பழகுவது எளிது.

இரு மொழிகளின் அடுக்குமுறை எதிரெதிரானது என்பதையும் இதனுடன் சேர்த்துக் காட்டலாம். ‘பேரூர்ச் சாலையில் உள்ள பழைய கல்லூரியின் நூலகம்’ என்பதை ஆங்கிலமாக்கினால் ‘த லைப்ரரி ஆஃப் தி ஓல்டு காலேஜ் ஆன் பேரூர் ரோடு’ என்றாகும். தமிழ் கடைசியில் வைத்ததை ஆங்கிலம் முதலில் வைக்கிறது. உருபு தமிழில் பெயருக்குப் பின் வருகிறது. அதன் பணியைச் செய்யும் ஆங்கில இடைச்சொல் பெயருக்கு முன் வருகிறது. தமிழ்த் தொடரைப் பின்னிருந்து முன்னாக அலகு அலகாக எடுத்து அடுக்கும் பயிற்சி, முன்னிடைத்தொடர் பற்றிய பல வரையறைகளை விடப் பயன் தரும்.

எச்சமும் வினைமுதலும்

வினையெச்சத்திலும் இத்தகைய துணை உண்டு. ‘வாக்கிங் டு த மார்க்கெட், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்பதை ஆங்கில இலக்கணம் பிழை என்கிறது. நடந்தவர் யார் என்று தேடினால் மழையே எழுவாயாக நிற்கிறது. இது தமிழிலக்கணத்தில் நன்கு ஆராயப்பட்ட செய்தி. செய்து முதலான சில வாய்பாட்டு வினையெச்சங்கள் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், செய என்பது முதலான பிற வாய்பாடுகள் பிற வினைமுதலின் வினையையும் ஏற்கும் என்றும் நன்னூல் வகுக்கிறது. ‘சந்தைக்கு நடந்து மழை தொடங்கியது’ என்பது தமிழிலும் வழுவே. ‘சந்தைக்கு நடக்க, மழை தொடங்கியது’ என்றால் வழுவில்லை.

‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதில் வினைமுதல் வேறாகவில்லையா என்று கற்றோர் வினவுவர். அங்கே பெய்தல் நிறைதற்குக் காரணமாதலின், செய்து என்னும் வாய்பாடு வேறொரு வாய்பாட்டின் பொருளில் வந்த எச்சத்திரிபாக அதனைக் கொள்வது மரபு. நடத்தல் மழைக்குக் காரணமன்று. ஆதலின் அவ்விடத்து அவ்வமைதி செல்லாது. இந்த நுட்பத்தை அறிந்த தமிழ் மாணவர், ஆங்கிலத்தில் எச்சத்தொடரையும் எழுவாயையும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்தை எளிதில் பெறுவர்.

கொங்குப் பேச்சில் தொடரின் எல்லை

இலக்கணம் கல்லாத மாணவரிடமும் தொடருணர்வு உண்டு என்பதற்குக் கொங்குப் பேச்சே சான்று. மரியாதைச் சொல்லாகிய ‘ங்க’ இப்பகுதியில் வினைமுற்றோடு மட்டும் நிற்பதில்லை. ‘நேத்துங்க, பொள்ளாச்சி சந்தைக்குங்க, ரெண்டு மாடு ஓட்டிட்டுப் போனமுங்க’ என்னும் பேச்சில் அது காலங்காட்டும் தொடருக்கும் இடங்காட்டும் தொடருக்கும் பயனிலைக்கும் இறுதியில் வருகிறது. பொள்ளாச்சியில் கூடும் சந்தையைக் குறிக்க ‘பொள்ளாச்சிங்க சந்தைக்கு’ என்று எவரும் கூறுவதில்லை. ‘அந்தப் பெரிய வூட்லீங்க’ என்பர். ‘அந்தங்க’ என்றோ ‘பெரியங்க’ என்றோ கூறார். எங்கே ஓர் அலகு முடிகிறது, எங்கே முடியவில்லை என்பதை எந்தப் பாடநூலும் இன்றி அவர்தம் நா அறிந்திருக்கிறது.

இவ்வொட்டு மரியாதை குறித்து வருவது. தொடரைப் பகுப்பதற்கென்று அமைந்ததன்று. எல்லாத் தொடர்க்கும் அது வருதல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆயினும் முதல் வகுப்பில் இதனினும் எளிய வாயில் கிடைப்பது அரிது. ‘ங்க’ வரத்தகும் இடங்களில் கோடிட்டுப் பார்த்தபின், ‘டு த பொள்ளாச்சி மார்க்கெட்’ என்பது நான்கு சொல் அன்று, ஓர் அலகு என்று கூறினால் மாணவர் அதை உடனே ஏற்பர். தாழ்வாக எண்ணி வகுப்பறைக்கு வெளியே விட்டுவரும் வட்டார வழக்கு, அயல்மொழிக்கு வழிகாட்டியாகி உள்ளே வரும்.

மறுப்புகளும் விடையும்

தாய்மொழியை இடையிற் கொணர்ந்தால் மாணவர் ஆங்கிலத்தில் சிந்திக்கப் பழகார் என்று ஆங்கிலப் பேராசிரியர் சிலர் கருதலாம். தாய்மொழி அழைத்தாலும் அழையாவிட்டாலும் மாணவரின் மனத்தில் இருக்கவே செய்கிறது. அதை வெளிப்படையாகக் கொணர்ந்து, ஒத்த இடத்தையும் ஒவ்வாத இடத்தையும் காட்டுவதே பிழைகளைக் குறைக்கும்.

நன்னூலை ஆங்கிலத்திற்கு ஏவல் செய்ய வைப்பதா என்று தமிழறிஞர் கேட்கலாம். பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். அயல் இலக்கணச் சட்டகங்களைக் கொண்டு தமிழை விளக்கும் முயற்சிகள் அவருக்குப் பின்னும் தொடர்ந்தன. தமிழ்ச் சட்டகத்தைக் கொண்டு அயல்மொழியை விளக்கும் முயற்சியோ அருகியே நிகழ்ந்தது. அதைச் செய்வது ஏவலன்று. ஆற்றலைச் சோதித்துப் பார்த்தல். நன்னூல் செய்த பவணந்தியின் ஊராகிய சனகாபுரம் பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்று கொங்கு ஆய்வாளர் கருதுவர். மைசூர்ப் பகுதியில் வைத்து எண்ணுவாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், நூலாசிரியரின் ஊரை உரிமை கொள்வதினும் நூலைப் பயன்கொள்வது அவருக்குச் செய்யும் மேலான சிறப்பு.

முடிவுரை

மூன்று செயல்கள் உடனடியாகச் செய்யத்தக்கவை. வாக்கியம், தொடர் என்னும் கலைச்சொற்களைப் பாடநூலிலும் வினாத்தாளிலும் ஆய்வேட்டிலும் வேறுபாடு தோன்ற ஒரே சீராக வழங்குதல் வேண்டும். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் பருவத்திற்கு ஒரு சில மணிநேரமேனும் ஒரே பத்தியை இரு மொழியிலும் வைத்துத் தொடர்களைப் பகுத்துக் காட்டுதல் வேண்டும். வினாத்தாளும் தொடரின் பெயரை மட்டும் கேளாது, அதன் தலைமைச் சொல்லையும் தொழிலையும் கேட்டல் வேண்டும். கொங்குப் பேச்சில் ‘ங்க’ வருமிடங்களைப் பதிவுசெய்து ஆராய்வதும், மாணவரின் மொழிபெயர்ப்புப் பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்துவதும் முனைவர்ப்பட்ட ஆய்வுக்குரிய பொருள்களாதல் வேண்டும்.

இவற்றிற்குப் பெரும்பொருட்செலவு இல்லை. இரு துறை ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். தொடரிலக்கணம் தேர்வில் பெயர் சொல்லி மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நீடித்தால், தமிழ் மாணவர் தம் இலக்கணத்தையும் இழப்பர், ஆங்கிலத்தையும் எட்டார்.